பழைய ஃபிரிட்ஜை எடைபோடும் ஒப்பந்தம்

தில்லி அடுக்ககம் ஒன்றிலிருந்து, பதினைந்து ஆண்டு உழைத்த ஒரு குளிர்சாதனப் பெட்டி வெளியேறும் முறையை அங்கே வசிப்பவர் அனைவரும் அறிவர். மிதிவண்டி ரிக்‌ஷாவை மிதித்தபடி ‘கபாடி’ என்று கூவிவரும் பழைய பொருள் வணிகர் மாடிக்கு அழைக்கப்படுகிறார். பேரம் நடக்கிறது, சில நூறு ரூபாய் கைமாறுகிறது. வீட்டுக்காரருக்கு இடமும் மிச்சம், பணமும் வரவு. மாலைக்குள் பெட்டி ஏதோ ஒரு கிடங்கின் வாசலில் கவிழ்த்துக் கிடத்தப்பட்டு, அதன் பின்புறச் செப்புக் குழாய் வெட்டப்படுகிறது. சில நொடிகள் ஒரு சீறல் கேட்டு அடங்குகிறது. பிறகு கம்ப்ரசர் தனியே போகிறது, இரும்புத் தகடு தனியே, நெகிழி உறை தனியே. சுவர்களுக்குள் அடைத்திருந்த மஞ்சள் நுரையை மட்டும் யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அது காலிமனையிலோ குப்பைமேட்டிலோ போய்ச் சேர்கிறது.

இந்தக் காட்சியைப் பற்றிய பொதுப்புரிதல், கபாடிவாலாவைக் குற்றவாளியாக்குவதோடு நின்றுவிடுகிறது. ‘முறைசாராத் துறை’ என்ற சொல்லை ஒரு நோயின் பெயரைப்போல உச்சரிக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. ஆயினும் மாநகராட்சி முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கோரி, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் அதே பெட்டியை ஒப்படைத்தால் அந்தச் சீறல் கேட்காமல் போய்விடுமா? ஒப்பந்தம் எதற்குப் பணம் தருகிறது என்பதைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. எடைக்கோ உலோகத்துக்கோ மட்டும் பணம் தரும் ஒப்பந்தத்தின்கீழ், வாயுவைக் காற்றில் விடுவதால் உரிமம் பெற்றவருக்கும் நட்டமில்லை. உரிமம் அற்றவருக்கும் நட்டமில்லை.

முதலில் அந்த வாயுவின் கணக்கு. 2000ஆம் ஆண்டுக்குப்பின் இந்தியாவில் விற்ற குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-134ஏ. ஒரு வீட்டுப் பெட்டியில் ஏறத்தாழ 100 கிராம் அளவுக்கு அது இருக்கும். நூறாண்டுக் கால அளவில் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் திறன் அதற்கு உண்டு. அப்படியானால், சில நொடிச் சீறலில் வெளியேறுவது 143 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய அறைக் குளிரூட்டிகளில் உள்ள ஆர்-22 இன்னும் பெரிய கணக்கு. ஒரு கருவியில் ஒரு கிலோ அளவுக்கு வாயு இருக்கும். அதன் திறன் 1,810 மடங்கு. ஆக ஒரே வெட்டில் 1.8 டன். இத்தோடு அது ஓசோன் படலத்தையும் அரிக்கும். 2000க்கு முந்தைய பெட்டிகளின் நுரையை ஊதச் சிஎஃப்சி-11 பயன்பட்டது. குளிர்சுற்றில் இருப்பதைவிட அதிகமான வாயு அந்த நுரையின் நுண்ணறைகளில் அடைபட்டிருக்கும். நுரை நொறுங்க நொறுங்க அது ஆண்டுக்கணக்கில் கசியும். செம்பையும் இரும்பையும் மீட்டெடுத்து மறுசுழற்சி செய்தாயிற்று என்று அறிக்கை எழுதலாம். அந்த அறிக்கையில் எவ்விதப் பொய்யும் இராது. வாயுவைப் பற்றிய வரியும் இராது.

வீட்டு மின்சாதனம் என்பது இந்தியச் சந்தையில் குப்பையன்று, சரக்கு. இதை மறந்து எழுதப்படும் ஒப்பந்தங்களே அதிகம். ஜப்பானில் 2001ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வீட்டு மின்சாதன மறுசுழற்சிச் சட்டத்தின்படி குளிரூட்டி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றைக் கழிக்கும் வீட்டுக்காரர் மறுசுழற்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். விற்பனையாளர் எடுத்துச் செல்ல வேண்டும். உற்பத்தியாளர் பிரித்தெடுக்க வேண்டும். அங்கே பணம் பொருளோடு சேர்ந்து ஒரே திசையில் ஓடுகிறது. இந்தியாவில் பொருள் வீட்டைவிட்டு வெளியே போகப் பணம் வீட்டுக்குள் வருகிறது. பணம் தந்து எடுத்துச் செல்ல வாசலில் ஒருவர் நிற்கும்போது, இலவசமாகக் கொண்டுவந்து தாருங்கள் என்று சேகரிப்பு மையம் திறந்து காத்திருக்கும் மாநகராட்சிக்கு யார் பெட்டியைச் சுமந்து போவார்? இத்தகைய மையங்களில் பழுதான விசைப்பலகைகளும் மின்கம்பிச் சுருள்களும், மீறிப்போனால் அச்சுப்பொறிகளும் சேர்வதும், பெரிய சாதனங்கள் சேராமல் போவதும் வியப்பல்ல. குடிமக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று அதற்குக் காரணம் சொல்வது, மக்களின் கணக்கறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

சட்டம் மாநகராட்சிக்கு இதில் தரும் பங்கு சிறியது. 2011ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவை மாற்றி எழுதப்பட்டன. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளவை இப்போதைய விதிகள். பொறுப்பின் பெரும்பகுதி உற்பத்தியாளரின் தலையில் வைக்கப்பட்டுள்ளது. நகராட்சி அமைப்புகள் குப்பையோடு கலந்துவரும் மின்கழிவைப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்; உற்பத்தியாளர் யாரென்று கண்டறிய முடியாத, கைவிடப்பட்ட சாதனங்களைச் சேகரித்து ஒப்படைக்க வேண்டும்; சேகரிப்புக்கான ஏற்பாடுகளுக்குத் துணைபுரிய வேண்டும். இந்தச் சில வரிகளிலிருந்து மாநகராட்சிகள் வடித்தெடுக்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டில் ஒரு வடிவம் கொள்கிறது. ஒன்று, செலவில்லா ஒப்பந்தம்: நிறுவனம் இலவசமாக எடுத்துச் செல்லும், மாநகராட்சி எதுவும் தராது. மற்றொன்று, வருவாய் ஒப்பந்தம்: கிலோவுக்கு அதிகம் தருவதாக ஒப்புக்கொள்பவருக்கே உரிமை. அரசு அலுவலகங்கள் தம் பழைய கணினிகளையும் குளிரூட்டிகளையும் மின்னேலத்தில் விடும்போதும் இதே தர்க்கந்தான்: அதிக விலை கேட்டவர் வென்றவர்.

இவ்விரண்டும் கருவூலத்துக்குச் சிக்கனமாகத் தோன்றுகின்றன. தணிக்கையில் கேள்வி எழாது. ஆனால் அதிக விலை கொடுத்து எடுத்தவர் அந்தப் பணத்தை எதிலிருந்து மீட்பார்? செம்பிலிருந்து, அலுமினியத்திலிருந்து, இரும்பிலிருந்து, மின்சுற்றுப் பலகையின் தங்கத்திலிருந்து. வாயுவை உறிஞ்சும் இயந்திரம், அதை அடைக்கும் உருளை, நுரையை மூடிய அறையில் அரைத்து ஆவியை ஒடுக்கும் ஆலை, மீட்ட வாயுவைச் சுத்திகரிக்கவோ உயர்வெப்பத்தில் அழிக்கவோ ஆகும் கட்டணம் ஆகியவை அனைத்தும் அவருக்கு வெறுஞ்செலவு. அவற்றைச் சேர்த்து விலை சொல்லும் நேர்மையான நிறுவனம் ஏலத்தில் தோற்கும். சேர்க்காதவர் வெல்வார். மாநகராட்சி தானறியாமலே, வாயுவைக் காற்றில் விடுவதாகச் சொல்லாமல் சொல்பவரைத் தேர்ந்தெடுக்கும் முறையொன்றை வடிவமைத்து வைத்திருக்கிறது.

மற்றக் குப்பைகளுக்கான ஒப்பந்தங்களிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. டன்னுக்கு இவ்வளவு என்று வாரிச்செல்லும் கட்டணம் நிர்ணயித்த நகரங்கள் பலவற்றில், கட்டட இடிபாடுகளைக் கலந்து எடையைக் கூட்டுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒப்பந்தக்காரர்கள் பேராசைக்காரர்கள் என்பது இதற்கு எளிதான விளக்கம். அளக்கப்படுவது எடை என்றால் எடைதான் உற்பத்தியாகும் என்பதே பொருத்தமான விளக்கம்.

தேசிய அளவிலும் இதே குருட்டுப்புள்ளி உள்ளது. 2022 விதிகளின்படி உற்பத்தியாளர், தான் முன்பு சந்தையில் விற்ற சாதனங்களின் எடையில் ஒரு பங்குக்கு ஈடாக மறுசுழற்சிச் சான்றிதழ்களை வாங்க வேண்டும். அந்தப் பங்கு 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த ஈராண்டுக்கு 70, அதன்பின் 80. சான்றிதழை உருவாக்குபவர் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாயிலில் அது விற்பனையாகும். எதை மீட்டதற்காக இந்தச் சான்றிதழ்? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களை மீட்டதற்காக. குளிர்வாயுக்களைக் கையாள்வது பற்றி 2023ஆம் ஆண்டின் திருத்தம் பேசுகிறது. ஆனால் சான்றிதழின் நாணயம் உலோகமாகவே இருக்கிறது. வாயுவை முழுவதும் மீட்ட ஆலைக்கும் முழுவதும் விட்ட ஆலைக்கும் ஒரே எண்ணிக்கையில் சான்றிதழ் கிடைக்கும்.

பணமே இல்லை என்றால் வாதம் இங்கேயே முடிந்துவிடும். பணம் இருக்கிறது. சான்றிதழ்களின் விலை அதலபாதாளத்துக்குப் போகாமலிருக்க 2024இல் அரசு தலையிட்டது. வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று நிர்ணயமானது. இது அதிகம் என்று உற்பத்தி நிறுவனங்கள் சில தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. வழக்கின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். 50 கிலோ எடையுள்ள பெட்டிக்கு அந்த விலையைப் பெருக்கிப் பார்த்தால் 1,100 ரூபாய் வருகிறது. கபாடிவாலா வீட்டுக்காரருக்குத் தரும் தொகையோடு ஒப்பிடத்தக்க தொகை இது. இந்தப் பணம் மறுசுழற்சியாளரின் கணக்கில் நின்றுவிடுகிறது. பெட்டியை மூன்றாம் மாடியிலிருந்து முதுகில் இறக்கியவருக்கோ, அவர் குழாயை வெட்டாமல் கொண்டுவருவதை உறுதிசெய்யக்கூடிய வார்டு அலுவலகத்துக்கோ அதில் ஒரு காசும் தானாக இறங்காது. இறக்குவதற்கான குழாய் ஒப்பந்தந்தான்.

இங்கே கபாடிவாலாவைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். அவரைப் புனிதப்படுத்துவதும் தவறு. சீலம்பூரிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் சாதனங்களை உடைக்கும் பட்டறைகள், மொராதாபாத்தில் மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் கரைத்த தொழில், செம்புக்காகத் திறந்தவெளியில் கம்பிகளை எரித்தல் ஆகியவற்றின் விலையை அங்கே உழைப்பவர்களின் நுரையீரலும் அவர்களுடைய குழந்தைகளின் இரத்தமும் கொடுத்திருக்கின்றன. இதை மறைத்து முறைசாராத் துறையின் திறமையைப் பாடுவது ஆய்வுலகின் சொகுசு. ஆனால் தீங்கு நிகழ்வது உடைக்கும் இடத்தில். வாங்கும் இடத்தில் அன்று. தெருத்தெருவாகச் சென்று, வீட்டுக்கு வீடு நம்பிக்கை பெற்று, பேரம் பேசி, சுமந்து, ஓடக்கூடியதைப் பழுதுபார்க்கும் கடைக்கும் ஓடாததைப் பிரிப்பவருக்கும் பகுத்தனுப்பும் அந்த வலைப்பின்னலை எந்த நிறுவனமும் நான்கு சரக்குந்துகளையும் ஒரு கைப்பேசிச் செயலியையும் கொண்டு உருவாக்கிவிட முடியாது. அவரை விலக்கி எழுதும் ஒப்பந்தம் அவரைத் தொழிலைவிட்டு விலக்குவதில்லை. நகரின் அடுத்த எல்லைக்குத் தள்ளுகிறது. குழாய் வெட்டப்படும் இடம் மட்டும் மாறுகிறது.

புனே நகரில் 1993இல் உருவான கழிவு சேகரிப்போர் சங்கத்திலிருந்து பிறந்தது ‘ஸ்வச்’ கூட்டுறவு. 2008இல் அது மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகச் சேகரிக்கத் தொடங்கியது. கழிவு சேகரிப்போரே அதன் உரிமையாளர்கள். வீடுகள் தரும் சேவைக்கட்டணமும், மறுசுழற்சிப் பொருள்களை விற்கும் உரிமையும் அவர்களது வருவாய். துணி, மரச்சாமான், மின்கழிவு ஆகியவற்றைக் குறித்த நாள்களில் தனியே சேகரிக்கும் ஏற்பாட்டையும் அது நடத்திவந்திருக்கிறது. சேகரிப்பவரை ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகவே எழுத முடியும் என்பதற்கு இது சான்று. ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் குறுகிய நீட்டிப்புகளும் நிச்சயமின்மையும் அதைத் துரத்தியதும் உண்மை. நகராட்சிகளுக்குக் கூட்டுறவைவிடக் குத்தகைதாரர் மீது ஏனோ தீராத பிரியம். புனேயின் ஏற்பாடு குளிர்வாயுவுக்கான தீர்வும் அன்று. அது வேறொரு இயந்திரத்தைக் கேட்கும் வேலை. இருந்தாலும் பெட்டி முழுதாக வந்துசேர்ந்தால்தானே இயந்திரத்துக்கு வேலை?

ஆகவே ஒப்பந்தத்தில் மாற வேண்டியது அலகு. டன் என்ற இடத்தில், ‘கம்ப்ரசரும் குளிர்சுற்றும் சிதையாமல் வந்த ஒரு சாதனம்’ என்று எழுத வேண்டும். அப்படி வரும் பெட்டிக்கு, வெட்டிய பெட்டியின் உலோக மதிப்பைவிடச் சற்றே கூடுதலான விலையை வார்டு கிடங்கில் கபாடிவாலாவுக்கு ரொக்கமாகத் தர வேண்டும். ரொக்கம் என்பது அற்ப விஷயம் அன்று. அன்றாடம் கிடங்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கிச் சரக்கெடுப்பவருக்கு, முப்பது நாள் கழித்து வங்கிக்கணக்கில் வரும் தொகை எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. வாயுவை உறிஞ்சும் கையடக்க இயந்திரமும் உருளையும் குளிரூட்டி பழுதுபார்க்கும் தொழிலில் ஏற்கெனவே புழங்குபவை. அவற்றை வார்டு கிடங்கிலேயே வைக்கலாம். தொலைதூர ஆலைக்குச் செல்லும் வழியில் குழாய் உடைவதும் அதனால் குறையும். நுரையை அரைக்கும் மூடிய ஆலை மட்டும் பெருநகரத் தொகுதிக்கு ஒன்று போதும்.

இதைக் கண்காணிப்பதும் நினைப்பதுபோல் கடினமன்று. ஐரோப்பிய ஆலைகளில் பின்பற்றப்படும் வழக்கம் எளியது: எத்தனை பெட்டிகள் உள்ளே வந்தன, எத்தனை கிராம் வாயு உருளையில் சேர்ந்தது என்று இரண்டையும் ஒப்பிடுவார்கள். பழைய பெட்டிகளில் ஒரு பகுதி முன்பே கசிந்து காலியாகியிருக்கும். அதற்கு ஒரு கழிவு கொடுக்கலாம். ஆர்-134ஏ நிரப்பிய நூறு பெட்டிகளை எடுத்துக்கொண்டதாக எழுதிக் கட்டணம் கேட்கும் நிறுவனத்தின் உருளையில் சில கிலோ வாயுவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டிகள் வெட்டப்பட்டே வந்திருக்கின்றன, அல்லது வரவேயில்லை. தராசு ஒன்றும் பேரேடு ஒன்றும் போதும்.

ஒப்பந்தக்காரர் மனமுவந்து தொட மறுக்கும் இன்னொன்று படக்குழல் தொலைக்காட்சி. அதன் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. கழுத்தில் சுற்றிய செம்புச் சுருளைக் கழற்றிக்கொண்டபின் மிஞ்சும் கண்ணாடிக்கு விலை கிடையாது. புதிய படக்குழல் செய்யும் தொழில் ஓய்ந்த பிறகு அதை வாங்கும் ஆலையும் கிடையாது. தமிழ்நாட்டு அரசு 2006க்கும் 2011க்கும் இடையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளை வாங்கி இலவசமாக வழங்கியது. இந்தியாவின் முதல் மின்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தது அதன் பிறகுதான். அந்தப் பெட்டிகளை வாங்கிய அரசுக்கும், அவற்றின் கண்ணாடி வந்துசேரும் உள்ளாட்சிக்கும் இடையே பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. விலையற்ற பகுதிக்குக் கட்டணம் நிர்ணயிக்காத ஒப்பந்தத்தில் அந்தக் கண்ணாடியும் நுரையின் கதியையே அடையும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இத்தனைக்கும் மாநகராட்சி ஏன் செலவிட வேண்டும், உற்பத்தியாளர்தானே பொறுப்பு என்ற மறுப்பு வலுவானது. செலவை ஏற்க வேண்டியவர் உற்பத்தியாளர்தான். ஆனால் உற்பத்தியாளர் தரும் பணம் எந்தச் செயலுக்கு விலையாக மாறுகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஆவணம் உள்ளூரில்தான் எழுதப்படுகிறது. கிடங்குக்கான இடம் மாநகராட்சியிடம், வார்டு வாரியான தரவு மாநகராட்சியிடம், கபாடிவாலாவுக்கு அடையாள அட்டை தரும் அதிகாரமும் அதனிடம். மறுசுழற்சித் தொழிலாளர்களைப் பதிவுசெய்து பயிற்சி தரும் கடமையை விதிகள் மாநில அரசுக்கு ஏற்கெனவே அளித்துள்ளன. தன் பகுதியில் சேகரித்த சாதனங்களுக்கான சான்றிதழ் வருவாயில் ஒரு பங்கைக் கிடங்குக்குத் திருப்ப வேண்டும் என்று ஒரு மாநகராட்சி நிபந்தனை விதித்தால் அதை ஏற்கும் நிறுவனங்கள் வரக்கூடும். வராவிட்டாலும், எந்த விலையில் வருவார்கள் என்பதாவது தெரியவரும். தில்லி அரசு ஹோலம்பி கலானில் திட்டமிட்ட மின்கழிவுப் பூங்கா போன்ற பெரிய ஏற்பாடுகளில் ஏக்கர், கோடி, ஆண்டுக்கு இத்தனை டன் என்ற எண்களே முன்னிற்கின்றன. பூங்காவின் வாயிலுக்குப் பெட்டி வெட்டப்படாமல் வர யாருக்கு எவ்வளவு என்ற எண்தான் அவற்றில் முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.

காலக்கெடுவும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியே. இந்தியர்கள் இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட அறைக் குளிரூட்டிகளை வாங்குகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆர்-32 நிரப்பியவை. புதிய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன். புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை இவை முந்தியவற்றைவிட மேலானவை. ஆனால் ஒன்று மிதமாகவும் மற்றொன்று நன்றாகவும் தீப்பற்றக்கூடியவை. 2030களில் இவை கிடங்குகளுக்கு வரத் தொடங்கும்போது, எரிவாயுச் சுடரால் குழாயை வெட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் அந்த வாயு இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏலம் மாறும் நிறுவனம், அதற்கான உறிஞ்சுக் கருவியிலும் பயிற்சியிலும் முதலீடு செய்ய ஒரு காரணமும் இல்லை. இன்று எழுதப்படும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் பலவற்றின் ஆயுள், அவை யாருக்காக எழுதப்படுகின்றனவோ அந்தக் குளிரூட்டிகளின் உத்தரவாதக் காலத்தைவிடவும் குறைவு.